நிலைக்கு மேல் ஒட்டிய வசனம்

ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த அய்யாத்துரையின் மனைவி தேவப்பிரியம். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாயாடி என்று தெருவே சொல்லும். 1951 நவம்பரில் நாலு வயது மகள் டைபாய்டில் போனதும் அந்த வாய் அடங்கிவிட்டது.

புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சபையில் ஒரு வழக்கம். வேத வசனம் எழுதிய சின்ன அட்டைகளைத் தட்டில் கொண்டுவருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுதுக்கும் கடவுள் தனக்கென்று சொன்ன வார்த்தை அது. தேவப்பிரியத்தின் அட்டையில், கோபத்தில் என் முகத்தை உனக்கு மறைத்துக்கொண்டேன் என்றிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம், இவளுக்கு மட்டும் இது. வீட்டுக்கு வந்து, எல்லோரும் செய்வதுபோல் கஞ்சிப் பசை தடவி வாசல் நிலைக்கு மேல் ஒட்டினாள்.

ஈஸ்டர் கழிந்து மறுபடி உண்டானாள். கோபம் தீராத கடவுள் இதையும் எடுத்துக்கொள்வார் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். கடவுள் அன்பானவர் என்று போதகர் பிரசங்கித்தால், அது தனக்கில்லை என்று தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நாலு வய்சு கொயந்த மேல இன்னா கோவம்மா உன் சாமிக்கு?"

தேவப்பிரியத்துக்கும் அதே கேள்விதான்.

டிசம்பரில், அவள் நிறைமாதமாக இருந்தபோது, வெள்ளத்துரை கருப்பட்டி வாங்க வந்தான். துறைமுகத்தில் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சபைக்கு அட்டை எழுதுகிறவன் அவன்தான். நிலைக்கு மேல் தன் எழுத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான்.

"அக்கா, பின்பக்கம் பாக்கலியா? இடம் பத்தாம மீதிய அங்கல்லா எழுதுனேன்!"

ஈரத்துணி வைத்து உரித்தார்கள். பசையில் மை கரைந்துபோயிருந்தது. வெள்ளத்துரை மனப்பாடமாகச் சொன்னான்: மறைத்தது கொஞ்ச நேரம்தான், இரக்கம் என்றைக்கும் மாறாது என்று.

"கொஞ்ச நேரமா? எனக்கு ஒரு வருசம்."

"அது அந்தக் காலத்துல சிறைப்பட்டுப் போன சனங்களுக்குச் சொன்னதுக்கா. நம்ம பிள்ளையப் பத்தி இல்ல."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கோவம்னா மொறச்சுல்லா பாக்கணும்? முகத்த எதுக்கு மறைக்கணும் தம்பி?" என்றாள். பதிலும் அவளே சொன்னாள். "நானும் பிள்ளைய அடிச்சிட்டு முகத்தத் திருப்பிக்கிடுவேன். எனக்கு அழுக வந்துரும். அது பாத்துரக் கூடாதுல்லா."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். மகள் பேரைச் சொல்லி, அவன் நிற்கிறான் என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்த பிள்ளையிடம், "பயப்படாத மக்கா" என்றாள்.