அஞ்சாம் நம்பர் மலைக்குத் திருப்பிய ஸ்பீக்கர்

இரத்தினபுரி பஸ் நிலையத்திலிருந்து கஹவத்தை பஸ் காலை ஏழு பத்துக்குப் புறப்பட்டது. தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். இரவு பஸ் நிலையத்து மர வாங்கில் படுத்து எழுந்ததில் இடுப்பு பிடித்திருந்தது. நனைந்த சப்பாத்தும் காயவில்லை. மற்றபடி குறையொன்றும் இல்லை. கஹவத்தையில் எனக்கு வேலை எதுவும் கிடையாது. போகாத ஊர் என்பதால் ஏறினேன்.

முன் சீட்டில் கறுப்பு டீ சேர்ட் போட்ட ஒரு பெண், மடியில் உறை போட்ட கிட்டாருடன் இருந்தார். அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நடத்துனர் சிங்களத்தில் கேலி செய்தார். "அதுக்கு இன்னும் பள்ளிக்கூட வயசுதான், அரை டிக்கெட் குடுங்க" என்று அவரும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. என் கையிலிருந்த தமிழ்ப் பேப்பரைப் பார்த்ததும் அவருடைய பாஷை மாறியது.

"இப்படி உக்காருங்கண்ணே. கிட்டார் கழுத்து இடிக்கும், பாத்துக்குங்க."

"ஓம்" என்றேன்.

"ஓமா? அப்ப நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்ல. யாழ்ப்பாணமா?"

"வவுனியா."

"அம்புட்டு தூரத்துலருந்து எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

"சும்மா வர்றதுக்கு ஒலகத்துல கஹவத்ததான் கெடச்சுதா?"

பெல்மதுளை வருவதற்குள் அவருடைய கதை பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுப்பெயர் மல்லிகேஸ்வரி. கஹவத்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றிருக்கிறார். கடையில் பாடிக்கொண்டே துணி மடித்ததைக் கேட்ட ஒருவர், குருவிட்டையில் பாடகி தேடிக்கொண்டிருந்த நான்கு பையன்களிடம் அனுப்பி வைத்தார். அது ரொக் பாண்ட். முதல் ஒத்திகையில் டிரம்ஸ் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லையாம். "மலையில இருந்து கீழ லயத்து வீட்டுக்குக் கூப்புடுற மாதிரி ஒரு கூப்பாடு போட்டேன். டிரம்ஸ்காரன் குச்சிய கீழ போட்டுட்டான்" என்றார். பத்து வருடமாக அவர்தான் பாடகி. பாடுவது எல்லாம் சிங்களப் பாட்டு. மேடையில் அவர் பெயர் மல்லிகா. இரண்டு மொழிக்கும் பொருந்துகிற பாதிப் பெயர்.

அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் தோட்டத்துக்குப் பக்கத்தில் பாடப் போகிறார். அதுவும் தானே எழுதிய ஒரு தமிழ்ப் பாட்டு.

"வீட்டு ஆக்கள் எல்லாம் வருவினமே?" என்றேன்.

"வீட்டுல எங்க அம்மா மட்டும்தான். வர மாட்டாங்க. பேரு போயிரும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "பாட்டுப் பாடுறதில என்ன பேர் கெட்டுப் போகுது?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் சாரதி கண்ணாடியில் பார்த்தார். "ஐயோ அண்ணே, அந்தப் பேரு இல்ல!" தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால், பாதியில் போனால், அரைப் பேர். அன்று சனிக்கிழமை, வேலை நாள். பத்து வருடத்தில் அம்மா ஒரு தடவைகூட அவர் பாடிக் கேட்டதில்லை. "நீ கத்துறதுக்கு நான் எதுக்குடி அரைப் பேரு வாங்கணும்னு கேக்குறாங்க. நியாயந்தானே?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எட்டரைக்குக் கஹவத்தை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேநீருமாக இருநூற்றைம்பது ரூபாய். ஒழுங்காகச் சாப்பிட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்ததால் சம்பலை இரண்டாம் தடவையும் கேட்டேன். "ஸ்பீக்கர் பெட்டி தூக்க ஆள் பத்தாது, வர்றீங்களா?" என்றார் மல்லிகா. வராமல் எப்படி?

ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், நானூறு ரூபாய். ரோட்டோரம் விளையாட்டுத் திடல், அதன் பின் வேலியிலிருந்தே தேயிலை மலை எழும்புகிறது. மேடைக்கு மேல் கட்டியிருந்த பெனரில் தமிழ் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. தமிழே இல்லை. பாண்டின் வான் ஏற்கெனவே வந்திருந்தது. பதினொரு மணி வரை பெட்டி சுமந்தேன். புல்லிலிருந்து ஏறிய அட்டைகள் இரண்டு கணுக்காலைப் பதம் பார்த்தன. உப்பு வைத்தேன், விழுந்துவிட்டன.

பகல் ஒன்றரைக்கு நிகழ்ச்சி ஆரம்பம். நாலு மணிக்கு மழை வரும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அறிவிப்பாளர் "அபே மல்லிகா!" என்று கூவினார். எங்கள் மல்லிகா. பஸ்ஸில் கண்ட பெண்ணை நான் தேடினேன், காணவில்லை. மேடையில் நின்றது வேறு ஆள். முதல் பாட்டிலேயே பையன்கள் மண்ணைக் கிளப்பி ஆடினார்கள். என் இடுப்புவலி எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டரை இருக்கும். ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் அவர் மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடு உயரத்தில், வரிசையாகப் பெண்கள்.

"அஞ்சாம் நம்பர் மலை. எங்க அம்மா இன்னக்கி அங்கதான்" என்றார், மேடையோரம் நின்ற என்னிடம். பிறகு டிரம்ஸ்காரர் சமிந்தவிடம், ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மலைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

"அக்கே, பிஸ்ஸுத?" பைத்தியமா என்று கேட்கிறான். முன்னால் இருக்கிற சனத்துக்கு என்ன பதில்?

"அவங்களுக்கு ரெண்டு இருக்கு. மலைக்கு ஒன்னு போதும்டா."

நால்வர் சேர்ந்து திருப்பினோம். வயர் எட்டவில்லை. மேடையை ஒட்டி இன்னும் இரண்டடி இழுத்துப் பின் வேலியைப் பார்த்து நிறுத்தினோம். அறிவிப்பாளர் மைக்கை எடுத்து மறுபடி "அபே மல்லி..." என்றார். அவர் கையிலிருந்து மைக் மெதுவாக நழுவி மல்லிகாவிடம் போய்விட்டது.

"எம் பேரு மல்லிகேஸ்வரி. அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குற ராமாயி மக."

சமிந்தவின் குச்சிகள் இறங்கின.

*அரைப் பேரா முழுப் பேரா சொல்லு, அட
கொழுந்துக் கூடை நெறஞ்சிருச்சு சொல்லு…*

திடலில் பாதிப்பேருக்கு வார்த்தை புரியாது. தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மலையையே பார்த்தேன். வரிசை நின்றது. ஒரு கையும் அசையவில்லை. பாட்டு நடுவே வாத்தியங்கள் ஓய்ந்த ஒரு நொடியில், மேலிருந்து கூப்பாடு வந்தது. இருபது பெண்களின் ஒரே "ஓ…ய்!" மல்லிகா மைக்கை இறக்கிவிட்டு வெறும் தொண்டையால் அதே மாதிரி திருப்பிக் கூப்பிட்டார். சமிந்த குச்சியைப் போடவில்லை. ஒன்றை முறித்தான்.

நாலு மணிக்கு மழை, சொன்னபடி. நனைந்துகொண்டே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஏறினோம். ராமாயி அம்மா இடுப்பில் கட்டிய சாக்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"ரெண்டு கிலோ கொறஞ்சு போச்சுடி. அரைப் பேரு."

"என்னாலயாம்மா?"

"பின்ன யாரால? கையி கொழுந்துல நிக்குது, அசைய மாட்டேங்குது. அந்தக் கணக்கப்பிள்ளையப் பாரு, நடு மலையில நின்னு ஆடுனாரு. ஆடிட்டு வந்து, எட கொறஞ்சா கொறஞ்சதுதான்னு அரைப் பேரு போட்டாரு."

கணக்கப்பிள்ளை புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"ஒன்னு கேக்குறேன்" என்றார் அம்மா. "கொழுந்துக் கூடைன்னு பாடுற. நாங்க கூடய விட்டு எத்தன வருசமாச்சு? இப்ப சாக்குதானே. கத்துறதுதான் கத்துற, சரியா கத்து."

மல்லிகேஸ்வரி முகத்தைக் கையால் துடைத்தார். மழைதான் கொட்டிக்கொண்டிருந்ததே, எதைத் துடைத்தார் என்று நான் எப்படிச் சொல்வது? அம்மா ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாரே என்று பிறகு என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

ஆறு ஐந்துக்கு இரத்தினபுரி பஸ். மைக்கில் அவர் தன் முழுப்பெயரைச் சொன்னதே காதில் நின்றது. எட்டாம் வகுப்பில் வாத்தியார் வரவு இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்டதோடு சரி, வவுனியாவில் என் முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் "டேய்", வெளியில் "தம்பி". அதை ஒரு குறையாக நான் நினைத்ததே கிடையாது. பக்கத்து சீட்டில் மல்லிகேஸ்வரி விரலால் கிட்டார் உறையில் தட்டிக்கொண்டே பாடிப் பார்த்தார்.

"கொழுந்துச் சாக்கு நெறஞ்சிருச்சு… தாளத்துல உக்காருதாண்ணே?"

"ஓம்" என்றேன். நன்றாகவே உட்கார்ந்தது.