நாலாவது டிக்கெட்

ராணியம்மாளுக்கு விசா வந்துவிட்டது. போகிற எண்ணம்தான் வரவில்லை.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் காவியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்வதென்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். அப்பா நஞ்சப்பன், அம்மா பாஞ்சாலி, தம்பி அன்பு, அத்தை ராணியம்மாள் என நால்வருக்கும் காவியாவே அங்கிருந்தபடி விசாவுக்கு விண்ணப்பித்தாள். பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று ராணியம்மாளும் சென்னை வரை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாள். அதோடு தன் வேலை முடிந்ததென்று நினைத்தாள்.

அவள் நஞ்சப்பனின் தங்கை. ஏரியூரில் பிறந்து மொரப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். இரண்டாம் வருடமே கணவன் கிணற்று மோட்டாரில் மின்சாரம் தாக்கி இறந்துபோக, அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். தக்காளித் தோட்டமும் மாடுகளும் அவள் பொறுப்பாயின. காவியா பிறந்தபோது பாஞ்சாலி உடம்பு கெட்டுப் படுத்துவிட, குழந்தை அத்தையின் மடியில் வளர்ந்தது. முதல் பல் முளைத்ததைப் பார்த்தவளும் அத்தைதான். ஆனால் காவியாவின் கல்யாணத்தன்று ராணியம்மாளைத் தேடியவர்கள் யாரும் பந்தலில் தேடவில்லை. சமையல் கொட்டகைக்குத்தான் போனார்கள். ஒதுங்கச் சொன்னவர் எவருமில்லை. அவளாகவே ஒதுங்கிக்கொள்வாள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி மதியழகன் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கிறான். நால்வரும் பாஸ்போர்ட்டுகளோடு அவன் எதிரே உட்கார்ந்தார்கள். தக்காளி பறிப்புக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார் நஞ்சப்பன். விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

"பெங்களூர்ல ஏறி, நடுவுல ஒரு எடத்துல மாறோணுங்க. ரொம்ப நேரம் காத்துக் கெடக்கோணும், ஆனா வெல கம்மி" என்று திரையைத் திருப்பிக் காட்டினான் மதியழகன். "ஒரு சிக்கலுங்க. அந்த ரேட்டுல மூணு சீட்டுதான் இருக்குது. நாலுன்னு போட்டா நாலுக்குமே ஏறுது."

ராணியம்மாள் எழுந்தேவிட்டாள். "அப்பறம் என்னண்ணா. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. மாட்டப் பாக்க ஆளு வேணுமில்ல."

"நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போவாங்க?" என்றாள் பாஞ்சாலி.

மூவராகக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கூழாங்கல்லை நான்காம் ஆளாக மடியில் கட்டிக்கொண்டு போவது அவர்கள் பக்கத்து வழக்கம். "ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டா நாலாச்சு" என்றார் நஞ்சப்பன்.

"ஏர்போர்ட்ல பையத் தொறந்து இது எதுக்குன்னு கேப்பாங்கப்பா. எங்க பெரியப்பான்னு சொல்லட்டா?" என்றான் அன்பு.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. "கல்லு எதுக்கு? குத்துக்கல்லாட்டம் இவ இருக்கறப்ப."

மதியழகன் ஒரு வழி சொன்னான். மூன்றைக் குறைந்த விலையில் போட்டுவிட்டு ஒன்றைத் தனியாகப் போடலாம். அதே விமானம்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் விலை கூடும். பக்கத்தில் சீட்டு கிடைக்காமலும் போகலாம்.

"எனக்கோசரம் அந்தத் தண்டம் எதுக்கு?" என்ற ராணியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வளையல் போடற எடத்துல எனக்கென்ன வேல அண்ணி? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். இத்தன வருசமாத் தெரியும். நானும் ஒரு நாளு உன்னக் கையப் புடிச்சு இழுத்தாந்து முன்னால நிறுத்தல." பாஞ்சாலி அவள் பக்கம் திரும்பினாள். "காவியா நேத்து போன்ல சொல்லிட்டா. மொத வளையல் அத்தை போட்டாத்தான் கைய நீட்டுவாளாம். எனக்கே ரெண்டாவதுதானாம்."

"அவ மாமியாரு?"

"அந்தம்மா மூணாவது."

நஞ்சப்பன் தன் பாஸ்போர்ட்டை மட்டும் பிரித்து மேசையின் மறுபுறம் தள்ளினார். "அந்த மூணுல இவளச் சேத்துடு தம்பி. தனி டிக்கெட்டு எனக்குப் போடு. நான் எங்கியோ ஒரு மூலைல உக்காந்துக்கறேன்."

மதியழகன் ராணியம்மாளைப் பார்த்தான். "சொல்லுங்கக்கா. பேசிட்டே இருந்தா இந்த ரேட்டும் போயிரும்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரையில் இருந்த எதுவும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏந் தம்பி, கண்ணாடி வளையலப் பொட்டியில வெச்சா ஒடஞ்சிருமா?"

"ஒடஞ்சாலும் ஒடையுங்கக்கா. கைப்பையில வெச்சுக்கறது நல்லது."

"அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் ராணியம்மாள்.