தாழ்த்திய காரும் இடப்பக்கக் கதவும்

ஐம்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் தன் காரைத் தரையோடு தாழ்த்துவதற்கு நியாயமான காரணம் ஒன்றும் இருக்க முடியாது. எனக்கும் இருக்கவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்தேன், அவ்வளவுதான்.

கார் பழைய ஏ-40. இளம்பச்சை நிறம், ஆமை முதுகு. யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து அதன் எஞ்சினுக்குக் குடல் வெந்துபோயிருந்தது. உடுப்பிட்டியில் எங்கள் வளவுக்குள் நான் அதை ஸ்ராட் பண்ணினால், பக்கத்து வீட்டார் புகைக்குப் பயந்து கொடியில் காயும் உடுப்புகளை எடுக்க ஓடிவருவார்கள். அந்த எஞ்சினுக்குச் சாமான் தேடி அலைவதிலும் பார்க்க, எங்கேயோ அடிபட்டு நசுங்கிய ஒரு வான் வாகனத்தின் எஞ்சினைக் கியர் பெட்டியோடு வாங்கி உள்ளே இறக்குவது மலிவு என்று முடிவெடுத்தேன்.

இறக்கித் தந்தவன் என்னோடு படித்தவன். வல்வெட்டித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன்.

“படகுக்காரனிட்டைக் காரைக் குடுக்கிறன், நடுவழியிலை நிண்டால் என்னடா செய்யிறது?” என்று கேட்டேன்.

“கடலிலை நிண்டாலே ஆக்கள் நீந்தி வருகினம். உனக்கு நடந்து வர என்ன கேடு?”

எஞ்சின் பொருந்தியது. சத்தம் கூடத் தேன் மாதிரி. ஆனால் புது எஞ்சின் பாரம் குறைவு. அதனால் காரின் மூக்கு மேலே எழும்பி, பருந்தைக் கண்ட கோழி மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“முன்பக்கத்தை இறக்கடா” என்றேன்.

“அளவான வில்லுச் சுருள் எடுப்பிச்சுப் போடுவம்.”

“உள்ளதை வெட்டு. ரெண்டு சுத்து.”

“ஒரு சுத்துக் காணும். வெட்டினால் வெட்டினதுதான், பிறகு நீட்டித் தா எண்டு வந்து நிக்கக்கூடாது.”

“ரெண்டு வெட்டு.”

இரண்டு சுற்று வெட்டியதும் மூக்கு இறங்கிப் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பிறகென்ன, பின்னால் இருந்த வில்லுத் தகடுகளிலும் பக்கத்துக்கு இரண்டைக் கழற்றச் சொன்னேன். முடிந்தபோது காருக்குக் கீழே ஒரு பூனை குனிந்துதான் போகலாம்.

“எங்கடை றோட்டுக்கு உது வேண்டாம். ஆள் ஏறினால் சைலன்சர் நிலத்தைக் கூட்டும்” என்றான்.

“ஆர் ஏறப்போகினம்? நானும் மனிசியும்தானே.”

“நீ ஒருத்தனே ரெண்டாள்.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதே உற்சாகத்தில், இடப்பக்கக் கதவின் உள்கைபிடியையும் கழற்றி முலாம் பூசக் கொடுத்திருந்தேன். அது வந்து சேரும்வரை அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். மனைவி ஏறும்போது, “உள்ளுக்கிருந்து திறக்கேலாதோ?” என்று கேட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, “நீர் ராசாத்தி மாதிரி இரும். இறங்கிற இடமெல்லாம் நான் வந்து திறந்துவிடுவன்” என்றேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சண்டிலிப்பாயில் இருக்கும் அவளுடைய தமையன் வீட்டுக்கு, மதியச் சாப்பாட்டுக்கென்று புறப்பட்டோம். சாப்பாடு அவளுக்கு, எனக்குக் காரைக் காட்ட வேண்டும். பெரிய றோட்டில் போனால் தண்டவாளத்தைச் சமதளமாகக் கடக்கலாம். நான் உள் ஒழுங்கையால் போனேன். ஒழுங்கைகளில் ஆட்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று பார்ப்பார்கள்.

அந்த ஒழுங்கையின் ரெயில் கடவையில் காவலாளி இல்லை. ஒரு மணியும் ஒரு சிவப்பு விளக்கும்தான். றோட்டு, மாட்டின் திமில் மாதிரி ஏறித் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கும். முன் சில்லுகள் முதல் தண்டவாளத்தைத் தாண்டின. பிறகு அடியில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். வயிறு தண்டவாளத்தில் குந்திவிட்டது. எஞ்சின் நின்றது. மணி அடிக்கத் தொடங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்ல எனக்குப் பல நாள் எடுத்தது.

நான் சாவித் துவாரத்திலிருந்து திறப்பை உருவினேன். ஏன் உருவினேன்? ரெயில் மோதப்போகிற காரை யாரும் களவெடுக்காமலிருக்க என்று நினைத்தேனோ தெரியாது. கதவைத் திறந்தேன். குதித்தேன். எனக்குப் பின்னால் அவள், “இஞ்சேருங்கோ, கதவு!” என்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. மணிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொல்லியிருக்கிறேன். அது பொய். நன்றாகக் கேட்டது. நான் ஓடினேன். அவளுடைய பக்கத்துக்கு அல்ல. தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற நான், ஒரு செருப்பைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கூட ஓடாத ஓட்டம் ஓடினேன்.

அங்கே ஆட்டுக்குக் குழை கட்டிய சைக்கிளோடு ஒரு அம்மா நின்றா.

“ஐயோ, காருக்குள்ளை ஆரும் இருக்கினமோ?”

“மனிசி” என்றேன்.

“அப்ப நீங்கள் ஏன் இஞ்சாலை நிக்கிறியள்?”

கையிலிருந்த திறப்பை அவவுக்குக் காட்டினேன். நம்புங்கள், அதைத்தான் செய்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கார் அசைந்தது. என் பாரம் இறங்கியதும் பின்பக்கம் நிமிர்ந்து, அடிவயிறு தண்டவாளத்தை விட்டு எழும்பியிருக்கிறது. சிக்கி நின்றது கார் அல்ல, நான். அவள் சேலையோடு கியர்க் கம்பியைக் கடந்து என் இருக்கைக்கு வந்து, கியரைத் தட்டி எடுத்துவிட்டாள். ஸ்கூட்டியைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாதவள். கார் வந்த வழியே பின்னுக்கு உருண்டது. கதவு திறந்தபடியே ஆடிக்கொண்டு போனது. அவள் இறங்கினாளா, இல்லையா என்று பார்ப்பதற்குள் ரெயில் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிட்டது.

ரெயில் போய் முடிகிறதாக இல்லை. நான் நிலத்தில் முழங்காலில் இருந்து, ஓடுகிற சில்லுகளுக்கு நடுவால் பார்த்தேன். இரண்டு ஹெட்லைட்டுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன. காரைத் தாழ்த்தியதால் எனக்குக் கிடைத்த ஒரேயொரு பிரயோசனம் அது.

ரெயில் போனதும் தாண்டிப் போனேன். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரேக்கில் ஏறி நிற்கிற மாதிரி இருந்தாள். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, “காலை எடுக்கலாமோ?” என்று கேட்டாள்.

நான் கைபிரேக்கை இழுத்தேன். “எடும்” என்றேன்.

அவள் காலை எடுத்தாள். பிறகு சொன்னாள்: “திறப்பு உங்களிட்டையோ இருந்தது? நான் தேடினனான்.”

மச்சான் வீட்டுக்குப் பெரிய றோட்டால், அரை மணித்தியாலம் பிந்திப் போனோம். நான் எங்கே போனாலும் பகிடிக்காரன். சாப்பாட்டுக்கு முன்னமே சிரிக்க ஒரு கதை எதிர்பார்ப்பார்கள். பிந்தினதுக்குக் காரணம் கேட்டார்கள். என் வாய் தானாகத் திறந்தது. கார் சிக்கினது, மணி அடித்தது, நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு ரெயிலை மறிக்கத் தண்டவாளம் வழியே ஓடினது. என் வண்டி வயிறு குலுங்கினதைக் கண்டு ரெயில் சாரதி பயந்திருப்பான் என்றும் சேர்த்தேன். மச்சான் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

“தங்கச்சி, பயந்துபோனியோ?” என்று மச்சான் கேட்டார்.

“அவர்தான் சொல்லுறாரே” என்றாள். எனக்குரிய தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்தாள். சீனி அளவாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சண்டை பிடிக்கவில்லை. சமைத்தாள், பரிமாறினாள். மூன்றாம் நாள், வெங்காயம் உரித்துக்கொண்டு, “அண்ணைக்குச் சொன்ன கதையிலை கதவு வரேல்லை” என்றாள். “நான் கூப்பிட்டதும் வரேல்லை. எனக்கு ஒரு சந்தேகம். நான் கூப்பிட்டனானோ இல்லையோ எண்டு.”

அன்றைக்கே அவளுக்கு முன்னால் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். செருப்பு விட்டது, திறப்பைக் காட்டினது, எல்லாம். எனக்கே வியர்த்தது. மச்சான் முழுக்கக் கேட்டுவிட்டு வெடித்துச் சிரித்தார்.

“போனமுறைக் கதையிலும் பார்க்க இது திறம்! மனிசியை விட்டிட்டுத் திறப்போடை ஓடினதாம்! உங்களை வெல்ல ஆள் இல்லை மச்சான்!”

“மெய்யாத்தான் மச்சான்.”

“ஓம் ஓம், மெய்தான்!” என்று இன்னும் சிரித்தார்.

தொலைபேசியை வைத்தேன். “சொல்லிப்போட்டன். அவர் நம்பேல்லை, நான் என்ன செய்ய?” என்றேன்.

“நீங்கள் சொன்ன விதம் அப்பிடி” என்றாள். “செருப்பைச் சொல்லிச் சிரிச்சது ஆர்? அண்ணை பிறகுதான் சிரிச்சவர். முதல் சிரிச்சது நீங்கள்.”

நான் யோசித்துப் பார்த்தேன். ஓம், நான்தான்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். மச்சான் தோட்டக் கரையில் கத்தரிக்காயைத் தரம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், சிரிக்க ஆயத்தமாக, “என்ன, ரெயில் மறிக்க வந்தனீங்களோ?” என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். செருப்பைச் சொல்லவில்லை. வண்டி வயிற்றைச் சொல்லவில்லை. கதவு உள்ளுக்கிருந்து திறக்காது, அவள் கூப்பிட்டாள், எனக்குக் கேட்டது, நான் ஓடினேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அவருடைய முகத்தில் ஆயத்தமாக இருந்த சிரிப்பு, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

“கதவு திறக்காதெண்டு உங்களுக்குத் தெரியும்?”

“ஓம்.”

“கூப்பிட்டது கேட்டது?”

“ஓம்.”

அவர் கத்தரிக்காய்களை மறுபடி பிரிக்கத் தொடங்கினார். புழு குத்தின சூத்தை ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். என்னை இருக்கச் சொல்லவில்லை. கடைசியில் நல்லதுகளை ஒரு பையில் போட்டு நீட்டினார். “தங்கச்சிட்டைக் குடுங்கோ” என்றார். “பஸ் நாலு மணிக்கு.”

வீட்டுப் படலையைத் திறக்கும்போதே அவள் முற்றத்தில் நின்றாள். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அண்ணை சிரிச்சவரோ?”

“இல்லை.”

கடவையில் அழாதவள், மச்சான் வீட்டில் அழாதவள், அவ்வளவு நாளும் அழாதவள், முற்றத்தில் நின்றபடியே அழத் தொடங்கினாள். விம்மி விம்மி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. கிட்டப் போகலாமோ கூடாதோ என்று தெரியாமல், கத்தரிக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றேன்.