பன்னிரண்டு பவுண்டு ஸ்பிரிங்

பன்னிரண்டு பவுண்டு. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

துரைராஜ் தேனாம்பேட்டையில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் பத்தொன்பது வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தவர். வீடு, சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் ஒரு குடிசை. பெரிய மனிதர்களின் துப்பாக்கிகள் அவர் கையால்தான் எண்ணெய் குடித்தன. அவர்களில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. மேஸ்திரி என்று கூப்பிட்டால் போதும்.

எழுபத்திநாலு ஆவணியில் தி.நகர் நகைக்கடை தனபாலன், மனைவி சண்முகவடிவோடு கடைக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. கடையில் பாதுகாப்புக்கு இருந்த பிஸ்டலை இனி மனைவிதான் எடுக்க வேண்டும். லைசென்சிலும் அவள் பெயரைச் சேர்த்தாயிற்று. ஆனால் இழுக்க முடியவில்லை.

பிஸ்டலின் மேல்பாகத்தை, அதாவது ஸ்லைடை, பின்னால் இழுத்து விட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். போகிற போக்கில் தோட்டா குழலுக்குள் ஏறும். ஸ்லைடு முழுக்க மூடினால்தான் வெடிக்கும். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்தாலும் வெடிக்காது. பழைய ஸ்பிரிங்கின் பலம் பதினாறு பவுண்டு. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்ததால் துரைராஜே பியானோ கம்பியில் இரண்டு ஸ்பிரிங் சுற்றினார். வில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தார். ஒன்று பதினாலு, ஒன்று பன்னிரண்டு.

பதினாலைப் போட்டு சண்முகவடிவிடம் கொடுத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

பக்கத்து மேஜையில் அரம் பிடித்துக்கொண்டிருந்த காதர் சிரித்தார். “இன்னா மேஸ்திரி, இங்க சுயம்வரமா நடக்குது?”

“வந்துட்டு! வந்துட்டுல்லா!” என்றாள் அவள்.

தனபாலன் அவள் கட்டைவிரலைப் பார்த்தார். “ஏட்டி, தோலு உரிஞ்சு போச்சே. இன்னுங்கொஞ்சம் லேசாப் போடுங்க மேஸ்திரி. இவ அம்மி அரைக்கவே ஆள் தேடுதவ.”

“பொய் சொல்லாதீய. அம்மி நாந்தான் அரைக்கேன்.”

துரைராஜ் தயங்கினார். “லேசா போட்டா அழுக்கு தாங்காது முதலாளி. சுத்தமா வெச்சிக்கினீங்கன்னா ஒண்ணியும் ஆவாது.”

“எங்க வீட்டுல ஏது அழுக்கு?” என்றாள் அவள்.

சிவந்த விரலைப் பார்த்து அவருக்கும் மனசு கேட்கவில்லை. பதினாலுதான் சரி என்று தெரிந்தும் பன்னிரண்டைப் போட்டார். போலித் தோட்டா வைத்து ஐந்து தடவை பார்த்தார். ஐந்து தடவையும் மூடியது.

ஆயுத பூஜை வந்தது. துரைராஜ் வழக்கம்போல அரத்துக்கும் வைஸ் இடுக்கிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார். மறுநாள் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். தி.நகரில் சண்முகவடிவு தராசு, பெட்டகச் சாவி, பிஸ்டல் மூன்றையும் பலகையில் வைத்துச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசினாள். பூஜையில் வைத்த பொட்டை அந்த வீட்டில் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர வேண்டும். சந்தனம் ஸ்லைடின் இடுக்கில் இறங்கி இறுகிப்போனது. துரைராஜ் அழுக்கு என்று சொன்னாரே தவிர, சந்தனம் என்று சொல்லவில்லை. சந்தனத்தை அழுக்கு என்று எவன் சொல்வான்?

தை மாசம், சாப்பாட்டு நேரம். நகைக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். சண்முகவடிவு பிஸ்டலை எடுத்து இழுத்தாள். சுலபமாக வந்தது. விட்டாள். இரண்டு நூல் தூரத்தில் ஸ்லைடு நின்றுவிட்டது. விசையை மூன்று தடவை அழுத்தினாள். அதற்குள் தனபாலன் கழுத்தில் கத்தி இறங்கிவிட்டது.

போலீஸ் விசாரணை முடிந்து பங்குனியில் பிஸ்டல் துப்பாக்கிக் கடைக்கே பாதுகாப்பு டெபாசிட்டாக வந்து சேர்ந்தது. இடுக்கில் சந்தனம் செங்கல் மாதிரி இருந்தது. துரைராஜ் அதைத் துடைக்கவில்லை. பதினாறு பவுண்டு ஸ்பிரிங்கை மாட்டினார். மூடியது. பதினாலை மாட்டினார். அதுவும் மூடியது. மறுபடி பன்னிரண்டு. நின்றது.

கடை முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “அந்தம்மா கையெழுத்துப் போட வரப்போறாங்க. சந்தனத்தாலன்னு சொல்லிட்டு விடு. கடைப் பேரு கெட்டுச்சு, உனக்கு இங்க வேலை கிடையாது.”

அவள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தாள்.

“நான் பூசுன சந்தனந்தான் காரணம்னு ஸ்டேசன்ல சொன்னாவ. நெசமா மேஸ்திரி? நாந்தான் அவுகளக் கொன்னேனா?”

முதலாளி கதவோரம் நின்று இருமினார்.

“அய்யோ, இல்லம்மா. சந்தனத்து மேல பழி போடாதீங்க. ஸ்பிரிங்கு பத்தல. பதினாலு போட்டிருந்தா சந்தனத்தோடயே மூடியிருக்கும். போட்டுப் பாத்துட்டேன். தெரிஞ்சேதான் லேசா போட்டேன். தப்பு என்னுதும்மா.”

“ஏன் மேஸ்திரி?”

“உங்க கை செவந்துகினு இருந்திச்சி.”

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். தோல் உரிந்த இடம் எப்போதோ ஆறியிருந்தது.

“பதினாலு நான் இழுத்தேன்லா?”

“இழுத்தீங்கம்மா.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அன்று சாயங்காலமே துரைராஜுக்கு வேலை போயிற்று. கொலை செய்தவன் எவன் என்று தெரியவில்லை. கம்பி சுற்றியவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர்கள் முதலாளி மேல் வழக்குப் போடக் காகிதம் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போட மறுத்தார். “இன்னான்னு போடுவீங்க? நான் தப்பு பண்ணலன்னா?” என்று கேட்டார்.

ஆதம்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். யாராவது சின்னப் பிள்ளை, பிரேக் பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது, லேசாக வையுங்கள் என்று கேட்டால் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போய்விடுவார். எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டார்.

சாவுக்கு வந்த காதரிடம் துரைராஜின் மனைவி சுப்பம்மா ஒரு கம்பிச்சுருளைக் கொடுத்தாள். “சட்டை மாத்துனா இத்தயும் பாக்கெட்டு மாத்தி வெச்சிக்குவாரு நைனா. இன்னா இதுன்னு கேட்டா சொல்ல மாட்டாரு.”

காதர் அதைக் கடைக்கு எடுத்துப்போனார். பழைய பழக்கத்தில் வில் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

பதினாலு பவுண்டு.