வாடகை வீட்டுப் பூவாடை

அரசாங்கத்தையே வீடு வாங்க வைத்தவள் பங்கஜத்தின் மகள் சௌமியா. அப்போது அவள் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது என்பதுதான் இதில் சின்னச் சிக்கல்.

பங்கஜம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோல் தைக்கிறவள். புருஷன் இல்லை. பாலாற்றங்கரையில் ஓட்டு வீடு. ஒரே மகள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் போகிற பெண்ணை இந்தப் பக்கத்தில் அப்படியே விட்டுவிடுவதில்லை. நீர்நிலையில் பம்பை அடித்துக் கூப்பிட்டு, பூச்சுற்றிய கலசத்தில் வீட்டுக்கு அழைத்து வந்து, ஒரு மூலையில் பூவாடை என்கிற வீட்டுத் தெய்வமாகக் குடிவைப்பார்கள். சௌமியாவும் அப்படித்தான் அடுப்படி மூலையில் இருந்தாள். வருடக்கணக்காக மணலாகவே கிடந்த பாலாறு ஒரு மழைக்காலத்தில் திடீரென்று தான் ஆறு என்பதை நினைத்துக்கொண்டு, வீட்டை அந்த மூலையோடு வாரிக்கொண்டு போனது. உயிரோடு இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். செத்தவளை எங்கே தங்க வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

கரையோரத்துக் குடும்பங்களுக்கு வீடு கொடுக்க மூன்று வழி இருந்தது. கட்டலாம், அதற்குள் பிள்ளைகளுக்குப் பேரன் பிறந்துவிடுவான். விலைக்கு வாங்கலாம், பணம் ஒதுக்கவில்லை. வாடகைக்குப் பிடிக்கலாம். அரசாங்கம் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது. மஹபூப் பாஷா கட்டி, ஆள் வராமல் பூட்டி வைத்திருந்த மூன்று மாடிக் கட்டிடத்தைச் சில வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். சாவி கொடுத்த அதிகாரி மைக்கில், “இனிமே இது உங்க வீடு” என்றார். குத்தகை என்ற சொல் மைக்கில் வரவில்லை.

பங்கஜத்துக்கு மூன்றாம் மாடி. அந்த வாரமே பம்பைக்காரர் பச்சையப்பனோடு ஆற்றுக்குப் போனாள். போகும்போதே அவர் கேட்டார்:

“சொந்த ஊடுதானம்மா? வாடகை ஊட்டுக்குப் பூவாடை அழைக்கக் கூடாது. அப்புறம் ஊடு மாறினா அது மாறாது.”

“சொந்தந்தாண்ணா. ஆபீசரே சொன்னாரு.”

பம்பை ஏறியதும் பங்கஜத்தின் ஓரகத்தி சுந்தரி மேல் சௌமியா வந்தாள். ஈரமான குரல்.

“மறுபடி என்னை வெளிய போவச் சொல்வியா?”

“மாட்டேம்மா. இனிமே நீ எங்கயும் போவ வேணாம்.”

அந்த வாக்குத்தான் பிறகு எல்லாரையும் ஆட்டி வைத்தது.

குத்தகை முடிந்தது. பாஷா கட்டிடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். அரசாங்கம் எல்லாரையும் பள்ளிகொண்டா பக்கம் இன்னொரு வாடகைக் கட்டிடத்துக்கு மாற்றியது. லாரி கீழே நிற்க, பச்சையப்பன் மேலே கலசத்தின்மேல் பூ வைத்துக் கேட்டார். சம்மதம் என்றால் பூ விழ வேண்டும். விழவில்லை. ஜன்னல் காற்றில் காலண்டர் படபடத்தது. அந்த மல்லிகை மட்டும் அசையவில்லை. கலசத்தைத் தூக்கப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர்தான், அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“வர மாட்டேங்குது பொண்ணு,” என்றார். “நீதானே போவ வேணாம்னு சொன்ன.”

பங்கஜம் கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது எப்படிப் பூட்டுவது?

பிறகு நடந்ததை ஊரில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். நான் கூட்டியதையே சொல்கிறேன். வேண்டியதைக் கழித்துக்கொண்டு நம்புங்கள். கட்டிடம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பட்டப்பகலில் வந்தார்கள். மோட்டார் ஓடாத கட்டிடத்தில் மாடிப்படி ஈரமாக இருந்தது. ஈரத்தில் ஆற்று மணலும் சின்னச் சின்னப் பாதமும். எல்லாம் மேலே ஏறிய பாதங்கள். இறங்கியது ஒன்றுகூட இல்லை. வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு வியாபாரி மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாராம். “யாரு வூடுன்னு தெரிஞ்சிதான் தட்றீங்களா?” என்று உள்ளேயிருந்து மரியாதையாகக் கேட்டதாம். அவர் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பாஷா, ஷூ கம்பெனி வாசலில் பங்கஜத்துக்காகக் காத்திருந்தார்.

“தங்கச்சி, உன் பொண்ணைக் கூட்டிக்கினு போயிடும்மா. ரொம்ப பேஜாரா இருக்கு.”

“கூப்புட்டேன் பாய். வர்ல.”

“நா போயி சொல்லட்டுமா?”

“இன்னான்னு சொல்வீங்க? காலி பண்ணுன்னா?”

அவர் தாடியைத் தடவினார். அவருக்கும் மகள்கள் உண்டு. “அது எப்படிம்மா சொல்றது,” என்று போய்விட்டார்.

விலை இறங்கியது. இறங்கி இறங்கி, வாங்கக் கட்டுபடியாகாது என்று சொன்ன அரசாங்கத்துக்கே கட்டுபடியாகிற இடத்துக்கு வந்தது. வாடகைக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் முன்பே வாங்கியிருக்கலாம் என்று ஒரு அதிகாரி கண்டுபிடித்தார். கட்டிடத்தை வாங்கினார்கள். பழைய குடும்பங்களுக்கே வீடு, இந்த முறை பட்டாவோடு. ஆனால் எந்த வீடு யாருக்கு என்பது குலுக்கல். பங்கஜத்துக்குத் தரைத்தளம் விழுந்தது. மூன்றாம் மாடி, தோல் மண்டியில் வேலை செய்யும் ஷஹீன் பானுவுக்கு. மாற்றிக்கொள்ள விதி இல்லை.

பங்கஜம் மல்லிகையோடு மேலே போனாள். ஷஹீன் பானு வழிவிட்டாள்.

“வாங்க அக்கா. அந்த மூலையில நாங்க ஒண்ணும் வைக்கல. தொடச்சி வச்சாலும் ஈரமாவே இருக்கு.”

பங்கஜம் மூலையில் உட்கார்ந்து கலசத்தின்மேல் பூ வைத்தாள். இந்த முறை பம்பை இல்லை.

“சௌமியா, கீழ நெஜமாவே நம்ம ஊடு. வர்றியா?”

பூ விழவில்லை. ஷஹீன் பானுதான் மெதுவாகச் சொன்னாள்: “இருந்துட்டுப் போவட்டும் அக்கா. நா போவச் சொல்ல மாட்டேன்.”

அப்போது விழுந்தது.

பங்கஜம் இப்போது சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷஹீன் பானு குடும்பத்தோடு வெளியே போயிருக்கும்போது, மாடிப்படியில் சின்னப் பாதங்கள் இறங்கி வரும் சத்தம் கேட்கும். பங்கஜம் கதவைத் திறந்து வைப்பாள். கடைசிப் படியில் சத்தம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மேலே ஏறும்.