மயானக் கொள்ளைக்கு அடுத்த திங்கட்கிழமைச் சூரியன்

முப்பத்தாறு வருடமாக ஒரு ஆள் மேல் எனக்குக் கோபம். அவர் செத்தே பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கோபம் சாகவில்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு அறிவியல் எடுத்த வாத்தியார் அவர்.

ஒருநாள் விடியற்காலை அப்பாவின் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளிவிட குருசுக்குப்பம் கரைக்குப் போயிருந்தேன். கடல் மேல் புகை மாதிரி மூட்டம். சூரியன் கண்ணைக் கூசாமல், சிவப்பாக, தட்டு போல எழும்பியது. அதில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆப்பத்தின் மேல் ஈ உட்கார்ந்தது போல. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. அப்பாவிடம் காட்டலாம் என்றால் மரம் அலையைத் தாண்டிவிட்டது.

அன்றைக்கு வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். வாத்தியார் சிரித்தார்.

"சூரியன்ல புள்ளியா? மீன் செதிலு கண்ணுல ஒட்டிக்கிச்சாடா?"

வகுப்பே சிரித்தது. நான் இல்லை சார், பார்த்தேன் சார் என்று நின்றேன். பிரம்பு எடுத்தார். அடித்தது போகட்டும், அந்தக் காலத்தில் யாரைத்தான் அடிக்கவில்லை. 'நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு தடவை எழுதச் சொன்னார். எழுதவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் திரும்பப் போகவே இல்லை. அடுத்த வாரம் அப்பா என்னை மரத்தில் ஏற்றிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போச்சு. பெயர் போகவில்லை. குப்பத்தில் நான் புளுகு கிச்சா. தென்பக்கம் மீன் கூட்டம் நிற்கிறது என்று நான் சொன்னால், "புள்ளி பாத்த கண்ணு சொல்லுது" என்று எதிர்ப்பக்கம் வலையை எடுத்துப் போவார்கள். என் மகள் நிச்சயதார்த்தத்தில்கூட ஒரு பங்காளி சம்பந்தியிடம், "அண்ணன் சொல்றதுல பாதியக் கழிச்சிட்டு எடுத்துக்குங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோறு இறங்கவில்லை. போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே பார்த்தேனா?

இதை மஹ்பூபாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் கதை முந்திக்கொண்டது.

மஹ்பூபாவுக்கு முல்லா வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மூன்று ஸ்டூல். நாற்பத்து மூன்று வயது. பேச்சு சுருக், பார்வை அதைவிடச் சுருக். காலேஜில் இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருடைய அப்பா யாகூப் பாய் படுத்துவிட்டார். படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும்: 'புராஜெக்ட் ரெடிமேடாகக் கிடைக்காது.'

மற்ற கடைகளில் கிடைக்கும். சூரியக் குடும்பம் என்றால் பன்னிரண்டு பக்கம், கலர் படத்தோடு, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். மஹ்பூபாவிடம் அது நடக்காது. வானத்தைப் பற்றி புராஜெக்ட் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் முதல் கேள்வி, "உன் பொறந்த தேதி சொல்லு." கொடைக்கானலில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அதையெல்லாம் இப்போது இணையத்தில் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல் பார்க்கலாம். பிள்ளை பிறந்த நாளைக்குச் சூரியன் எப்படி இருந்தது என்று எடுத்துக் காட்டுவார். "இதுல எத்தன கரும்புள்ளி இருக்குன்னு நீ எண்ணு. முன்னாடி பத்து நாள், பின்னாடி பத்து நாள் எண்ணு. அதான் உன் புராஜெக்ட்." பிள்ளை கையில் ஒரு நோட்டு வரும், யாரும் காப்பி அடிக்க முடியாத நோட்டு.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. போன ஜூலையில், மீனவர் அட்டைக்காக என் பழைய டி.சி.யை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். உழவர்கரையிலிருந்து வந்த சுடர்விழி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பென்சில் முனையால் திரையில் எண்ணிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மஞ்சள் வட்டம். அதில் கறுப்புப் புள்ளிகள்.

"யம்மா, இது என்னா?"

"சூரியன்ணே" என்றார் மஹ்பூபா.

"புள்ளி?"

"சூரியன்ல புள்ளி வரும். பெருசா வந்தா, மூட்டத்துல கண்ணுக்கே தெரியும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். வாத்தியார், பிரம்பு, நூறு தடவை, புளுகு கிச்சா, எல்லாம். என் பெண்டாட்டியிடம்கூட அவ்வளவு கோர்வையாகச் சொன்னதில்லை.

மஹ்பூபா 'அடடா' என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"எங்கள்ல நோன்புப் பிறைய பாத்தேன்னு ஒருத்தர் வந்து சொன்னா, அவர அடிக்க மாட்டாங்கண்ணே. உக்கார வச்சு வெசாரிப்பாங்க. எங்க நின்ன, எந்தப் பக்கம் இருந்துச்சு, எப்படி சாஞ்சிருந்துச்சு, மேகம் இருந்துச்சான்னு. எங்க அத்தா அப்படி எத்தன பேர வெசாரிச்சிருக்காரு. அதே மாதிரி கேக்குறேன். தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. படத்த அப்புறம்தான் காட்டுவேன். மொதல்ல வரைங்க."

வட்டம் போட்டேன். இடது பக்கம், கொஞ்சம் மேலே, புள்ளி வைத்தேன். அது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

"தேதி?"

டி.சி.யை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நின்ன தேதி எண்பத்தொம்பது மே முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. மே மாசம் ஸ்கூலே கெடையாது. பொறந்த தேதி ஜூன் ஒண்ணு. ஏண்ணே, உங்க குப்பத்துல எல்லாரும் ஜூன் ஒண்ணாந்தேதியேவா பொறந்தீங்க?"

"பெரிய வாத்தியாரு இஷ்டத்துக்குப் போட்டதும்மா. எங்கப்பனுக்கு என்னா தேதி தெரியும்?"

"அப்ப உங்களுக்கு வேற என்னா ஞாபகம் இருக்கு? திருவிழா, சாவு, கல்யாணம், எதாச்சும்?"

யோசித்தேன். மயானக் கொள்ளை ஞாபகம் வந்தது. அந்த வருடம் சாமி ஊர்வலத்தோடு சுடுகாடு வரைக்கும் போய், சூறை விட்ட கொழுக்கட்டையைப் பொறுக்கித் தின்று, மறுநாள் காய்ச்சலில் விழுந்தேன். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. திங்கட்கிழமை போனேன். அன்றைக்குத்தான் அடி.

"மயானக் கொள்ள என்னைக்கு வரும்?"

"சிவராத்திரிக்கு மறுநாளு. மாசி அமாவாச."

"அவ்ளோதானே" என்றார் மஹ்பூபா. "உங்க அமாவாச தெரியலன்னா எங்களுக்குப் பிறை எப்படித் தெரியும்?" வேறொரு பக்கத்தைத் திறந்தார். எந்த வருடம் எந்த நாள் அமாவாசை, எந்த நாள் பௌர்ணமி என்று வரிசையாக வந்தது. "எண்பத்தொம்பது, மாசி அமாவாச... மார்ச் ஏழு, செவ்வாக்கிழம. அடுத்த திங்கள், மார்ச் பதிமூணு."

சுடர்விழி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து நின்றது. இல்லை என்று வந்துவிட்டால்? சாகும்வரை புளுகு கிச்சாதான். இத்தனை நாள் சந்தேகமாவது இருந்தது, இனி அதுவும் இருக்காது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

படம் வந்தது. பழைய படம், கீறல் விழுந்து, மங்கலாக. ஆனால் புள்ளி இருந்தது. பெரிய புள்ளி. ஈ இல்லை, வண்டு.

"இதாண்ணே?"

புள்ளி இருந்தது, இடம் சரியில்லை. நான் வரைந்தது இடது பக்கம். படத்தில் அது உச்சியில், இன்னும் சொன்னால் வலது பக்கமாகத் தள்ளி இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "நான் பாத்தது இது இல்ல. எடது பக்கம் இருந்துச்சு."

"நல்லாப் பாருங்க. அன்னைக்கி சூரியன்ல இவ்ளோ பெருசு இது ஒண்ணுதான்."

"எத்தன தடவ கேட்டாலும் அதான். எடது பக்கம்."

மஹ்பூபா சுடர்விழியிடம் திரும்பினார்.

"பாத்துக்க புள்ள. புளுகுறவனா இருந்தா இந்நேரம் ஆமா ஆமான்னு தலயாட்டிட்டுப் போயிருப்பான்."

பிரிண்டரில் அந்தப் படத்தை எடுத்தார். "அண்ணே, இந்தப் படத்துல வடக்க மேல வச்சிருக்காங்க. நம்ம கரையில நின்னு சூரியன் மொளைக்கறத பாத்தா வடக்கு எந்தப் பக்கம்?"

அதைப் போய் என்னிடம் கேட்டால்? "எடது கைப் பக்கம். காலாப்பட்டுப் பக்கம்."

காகிதத்தை மேசையில் வைத்து, உச்சியை இடது பக்கமாகச் சாய்த்தார். புள்ளியும் சேர்ந்து நகர்ந்து வந்தது. இடது பக்கம், கொஞ்சம் மேலே. நான் வரைந்த துண்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக நின்றன.

"அய்யோ அக்கா!" என்றது சுடர்விழி.

"சும்மா இரு, இன்னும் முடியல. பழைய படத்துல தூசி இருந்தாலும் புள்ளியாத் தெரியும். ரெண்டாவது சாட்சி வேணும்." அமெரிக்காவில் ஒரு மலை மேல் இருந்துகொண்டு தினமும் சூரியனைக் கையால் வரைகிறவர்கள் இருக்கிறார்களாம். அந்த ஓவியங்களும் இணையத்தில் இருக்கின்றன. அதே தேதியை எடுத்தார். பென்சிலில் வரைந்திருந்தார்கள். அதே இடத்தில் அதே வண்டு.

மஹ்பூபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க பாத்தது உண்மைண்ணே. அந்த வாத்தியாருக்குத் தெரியல, அவ்ளோதான். தெரியலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் கடலில் இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறேன். கரை மணல் காலில் தட்டும்போது உடம்பு முழுக்க ஒன்று இறங்கும். அப்படி இறங்கியது. அழவில்லை. டீ வேண்டும் என்றேன். மூன்று டீ வந்தது. வாத்தியாரைக் கொஞ்சம் திட்டலாம் என்று பார்த்தேன், வார்த்தை வரவில்லை. பாவம், அவரும் கடைசிவரை அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

படத்தை பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கிக்கொண்டு போய் ஏலக் கூடத்தில் மாட்டினேன். அந்தப் பங்காளி வந்து பார்த்தான். சாய்த்தும் பார்த்தான். "சரி, இது உண்மைன்னே வச்சிக்குவோம். போன மாசம் ஒரு ஆள் ஒசரத்துக்கு மீன் தப்பிச்சிடுச்சுன்னியே, அது?" என்றான்.

"அது புளுகுதான்" என்றேன். சிரித்தோம். அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஒரு வாரம் கழித்து மஹ்பூபா ஆள் அனுப்பினார். போனேன். சுடர்விழி தன் புராஜெக்டை 'வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கரும்புள்ளி' என்று மாற்றிக்கொண்டதாம், அதற்குச் சாட்சி வாக்குமூலம் வேண்டுமாம். "நீங்களே எழுதுங்கண்ணே, உங்க கையால. நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றார். ஏழாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதுவேன் என்றேன். "நூறு தடவ எழுதச் சொன்னாங்களே, எழுதலல்ல? அந்த பாக்கிய இப்ப எழுதுங்க, ஒரே தடவ" என்றார்.

எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். என்னைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று ஒரு அதட்டல் போட்டார், ஆனால் எதையும் அடிக்கவில்லை. பிறகு பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு விட்டுட்டீங்க. சூரியன யாரும் வெறுங்கண்ணால பாக்கக் கூடாதுன்னு எழுதுங்க. நீங்க பாத்தது மூட்டத்துல, தெரியாம. இந்தப் புள்ளைங்க இதப் படிச்சிட்டு நாளைக்கே பீச்சுல நின்னு மொறச்சிப் பாக்கும். படத்துல பாத்தா போதும்னு எழுதுங்கண்ணே."