லேசான காய்ச்சலுங்க

மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் காலையில் எனக்குக் காய்ச்சல் நூற்றொன்றைத் தாண்டியது. கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், வந்ததும் கீமோ என்று சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, கிருமி ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். இதை எழுதி ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதை யார் கண்ணிலும் படாமல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

கிளம்பும்போது எனக்குக் காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குச் சுடச்சுடப் போனால் பார்க்க நன்றாக இருக்காதாம். என் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டி, யாராவது கேட்டால் சைனஸ் என்று சொல்லச் சொன்னார். தானும் சலவைச் சட்டைக்கு மாறிக்கொண்டார்.

அவசரப் பிரிவு கவுன்ட்டரில் இருந்த நர்ஸ், "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், லேசான காய்ச்சலுங்க. நீங்க மத்தவிங்களைப் பாருங்க, நாங்க சித்த நேரம் இருக்கறமுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அவசரப் பிரிவுக்கே போய் அவசரமில்லை என்று சொல்ல எங்கள் சனத்தால்தான் முடியும். "வேற ஏதாவது வியாதி இருக்கா?" என்று நர்ஸ் கேட்டபோது, இவர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில், ஆணி குத்திய காலோடு கிணத்துக்கடவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்ணைத்தான் எங்கள் பையனுக்குப் பேசியிருந்தோம். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

"சர்க்கரைகூட இல்லீங்க," என்றார் இவர், பெருமையாக.

மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது. தெர்மாமீட்டரில் நார்மல். உட்காரச் சொன்னார்கள். இதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், கேன்சர் பிரிவில், என் ஃபைல் தலையணைத் தடிமனுக்கு இருக்கிறது. கீழே, கீமோ போட்டீர்களா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்க ஆளில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே கட்டடத்தில் குடியிருப்பது போலத்தான் இருந்தது.

சம்பந்திகள் இருவரும் தென்னையில் விழுந்த வெள்ளை ஈயைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. வாய் நீளம் என்று ஊரில் பெயர் வாங்கியவள்தான் நான். ஆனால் அந்தப் பெண் மருமகளாக வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்ததே! முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டியபோது, நிச்சயத்துக்கு நானே இருக்கமாட்டேன் என்று பயந்துவிட்டேன். எழுந்து போய்க் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், எனக்குக் கேன்சருங்க. கீமோ போட்டுப் பத்து நாளாச்சு. காலைல நூத்தியொண்ணு. இந்த மனுசன் மாத்திரையைக் குடுத்து மறைச்சுப்போட்டாரு."

"மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"கீமோவான்னு மொதல்லயே கேக்கக் கூடாதா கண்ணு?"

நர்ஸ் உள்ளே ஓடினார். சில நிமிடங்களில் கட்டிலில் படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, மருந்தை ஏற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டு நின்றார், சம்பந்தம் போய்விட்டதே என்று.

திரையை விலக்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்காரர் நொண்டியபடி வந்தார். ஒத்துவராது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, கீமோ போட்டவிங்களுக்குக் காய்ச்சல் வந்தா உடனே கூட்டியாரோணுங்களா?"

"ஆமாங்க. யாருக்குங்க?"

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "எங்க ஊட்டுக்கார அம்மணிக்குங்க. சொன்னா நீங்க வேண்டாம்னு போயிருவீங்களோன்னு சொல்லலீங்க. நேத்திருந்து காய்ச்சல். நானும் மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சுட்டுத்தான் வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்திருப்பேன். அவர் பெண்ணுக்குப் போன் போட வைத்து, நானே வாங்கிப் பேசினேன். "கண்ணு, அம்மாவை இப்பவே கார்ல ஏத்து. இங்க வந்ததும் கீமோன்னு மொதல் வார்த்தையாச் சொல்லு."

அவள் வாசலிலிருந்தே கத்திச் சொன்னாளாம். அவளுடைய அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தார்.

தள்ளிப்போன நிச்சயம் மறு மாதம் நடந்தது. சம்பந்தியம்மாவும் நானும் எதையும் கட்டாமல் மொட்டைத் தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு, "ரெண்டு பேருக்கும் பழனி வேண்டுதலுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.